கிப்லாப் பக்கம் திருப்பிய டிஷ்

“இஞ்சேருங்க, எனக்குக் கஃபாவப் பாக்கோணும்” என்று என் மனைவி சொன்னாள். “பழைய படமில்ல. இப்ப, இந்த நிமிஷத்தில அங்க என்ன நடக்குதோ அதப் பாக்கோணும். மவுத்தாகிறதுக்கு முதல் ஒருக்காக் காட்டுங்க.”

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கு மூன்றாம் நாள். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்து நோவில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எத்தனை மாதம் என்று கேட்டேன். மாதக் கணக்கில் யோசிக்க வேண்டாம் என்று அந்த டாக்டர் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அடுத்த ஹஜ்ஜுக்கு நாங்கள் இரண்டு பேரும் போவதாக இருந்தோம். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. வெள்ளை உடுப்புத் தைத்து அலுமாரியில் மடித்தும் வைத்துவிட்டாள். இப்போது அவளுக்குக் கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

மகளின் போனில் காட்டாமல் இருப்போமா? காட்டினோம். இரண்டு நிமிஷம் ஓடும், பிறகு நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். எங்கள் வீடு கிண்ணியாவில் கடலோரத்தை ஒட்டிய ஒரு மூலையில் இருக்கிறது. சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? மருந்தினால் அவளுக்குக் கண்ணும் மங்கியிருந்தது. அந்த உள்ளங்கை அகலத் திரையில் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிகிறது என்றாள். ஒவ்வொரு முறையும், “இது இப்பயா, நேத்தா?” என்று கேட்பாள். “இப்பதான் உம்மா” என்பாள் மகள். என் மனைவி நம்பமாட்டாள். அவள் நம்பாததும் சரிதான். ஒருநாள் அவள் கண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது நாலு வருஷத்துக்கு முந்திய படம் என்று கீழே எழுதியிருந்ததை நானே கண்டேன். போனை வாங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

மக்காவை இருபத்துநாலு மணி நேரமும் நேரடியாகக் காட்டும் சேனல் ஒன்று இருக்கிறது, டிஷ் பூட்டினால் பெரிய டீவியில் பார்க்கலாம் என்று பள்ளிவாசலில் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் திருகோணமலைக்கு ஓடினேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முப்பது வருஷம் மேலே கூட்டுக்குள் இருந்து கப்பலுக்குப் பாரம் ஏற்றி இறக்கியவன். எந்தச் சாமானையும் பார்த்தவுடன் அதன் எடையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. அந்த மண்டைக்கனத்தோடு டிஷ் விற்கும் கடைக்குள் போய் நின்றேன். சுவர் முழுக்கப் பெட்டிகள். எதற்கு எது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை.

“என்ன பாக்கிறதுக்கு?” என்று கடைக்காரர் கேட்டார். “கிரிக்கெட்டா, நாடகமா?”

நியாயமான கேள்வி. ஒரு டிஷ் வாங்கப் போகிறவனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எந்த டிஷ், எந்த ரிசீவர் என்று சொல்லலாம். நான் வாயைத் திறந்து, “மக்காவப் பாக்கிறதுக்கு, என்ட மனிசி மவுத்தாகப் போறா” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். “எல்லாம் பாக்கிறதுக்குத்தான்” என்றேன். அவர் இருநூறு சேனல் வரும் என்று ஒரு சின்ன டிஷ்ஷையும் மாதக் கட்டணம் கட்டும் ரிசீவரையும் எடுத்துத் தந்தார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாள் கடையிலிருந்து ஆள் வந்து ஒரு மணி நேரத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மகள் அவளுக்குக் கை, முகம், கால் கழுவி உளூச் செய்வித்து, வெள்ளை முக்காடு போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்துக் கட்டிலில் இருத்தியிருந்தாள். நான் ரிமோட்டை அமத்தினேன். ஒரு பெண் மீன் பொரித்தாள். அடுத்ததில் ஒருத்தி மாமியாரைப் பார்த்து முறைத்தாள். அடுத்ததில் பத்துப் பேர் மழையில் நின்று ஆடினார்கள். இருநூறையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மக்கா இல்லை. அவள் அந்த முக்காட்டோடு முக்கால் மணி நேரம் இருந்தாள். “பரவால்ல, நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு நான் படித்தேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சிக்னல் பிடிக்கும் இடம் தேடிப் பாலத்தடியில் போய் நின்றுகொண்டு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். டிஷ் பூட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் மனிதர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். ஆனாலும் இரண்டு விஷயம் விளங்கியது. அந்தச் சேனல் காசு கட்டாமல் வருவது, அதற்கு எந்தக் கார்டும் தேவையில்லாத ரிசீவர் வேண்டும். அது வரும் அலை வேறு, அதற்குச் சின்னத் தட்டுப் போதாது, கம்பிவலை அடித்த ஆறடி டிஷ் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் போய்விட்டது. அந்த மூன்று நாளில் அவள் சோறு சாப்பிடுவதை விட்டுக் கஞ்சிக்கு வந்துவிட்டாள்.

இந்த முறை கடைக்கு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு ரிசீவரை எடுத்து வைத்தார்கள். ஒன்று பழைய முறைப் படத்தை மட்டும் எடுப்பது, மற்றது பழையது, புதியது இரண்டையும் எடுப்பது. இரண்டையும் எடுப்பதை வாங்கினேன். அந்த ஒரு காரியத்தைத்தான் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தேன். பெரிய டிஷ் கடையில் இல்லை. இப்போது யார் அதை வாங்குகிறார்கள்? விசாரித்து விசாரித்து, தோப்பூரில் ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேலே கவிழ்த்துப் போட்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் அதைக் கழுவித் தந்தார்.

“கட்டைபறிச்சானில ஒரு ஆள் இரிக்கார், வயல் செய்யிறவர். டிஷ் பைத்தியம்” என்றார் அவர். “வளவுக்குள்ள மூணு டிஷ் நட்டு வெச்சிரிக்கார். கோல் எடுத்தீங்கண்டா வந்து பூட்டித் தருவார்.”

“தேவல்ல, எனக்குத் தெரியும்” என்றேன். நம்பரைத் துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டார். அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. அந்த வீம்புக்கு நான் கொடுத்த விலை ஆறு நாள்.

எங்கள் வீடு மேல்மாடி எழுப்ப என்று சிலாப் போட்டுப் பாதியில் நிற்கும் வீடு. அவள் படுத்திருந்த அறைக்கு நேர் மேலே அந்தச் சிலாப்பில் குழாயை நட்டு டிஷ்ஷை ஏற்றினேன். எந்தப் பக்கம் திருப்புவது? வீடியோக்களில் பாகை, கோணம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள், அவரவர் ஊருக்கு. அதையெல்லாம் பார்த்துத் தலை சுற்றியபோது எனக்கே ஒரு யோசனை வந்தது. இதற்கு ஏன் கணக்கு? மக்காப் படம் மக்காவிலிருந்துதானே வரும்? கிப்லாத் திசை எங்களுக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு ஐந்து தரம் அந்தப் பக்கம் நின்று தொழுகிற மனிதர்கள் நாங்கள்!

தொழுகைப் பாயைக் கொண்டுபோய்ச் சிலாப்பில் விரித்து, அதன் தலைப்பக்கத்துக்கு நேராக டிஷ்ஷைத் திருப்பினேன். போனிலும் கிப்லா காட்டும் முள் வைத்துப் பார்த்தேன், அச்சொட்டாக இருந்தது. ரிசீவரைப் போட்டதும் திரையில் இரண்டு கோடு வந்தது. மேல் கோடு எண்பதுக்குப் பாய்ந்தது. நான் சத்தம் போட்டே அழுதுவிட்டேன். படம் வருவதற்கு ஏற வேண்டிய கீழ்க் கோடு அசையவில்லை. மேல் கோடு வயர் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான், டிஷ்ஷை நிலத்தைப் பார்த்துக் கவிழ்த்தாலும் அது எண்பது காட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எண்பது வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான், இன்னும் ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் என்று காலையிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மேலே கிடந்தேன்.

கச்சான் காற்று அடிக்கும் காலம். சிலாப் தோசைக்கல் மாதிரிச் சுடும். காற்று வலைக்குள் புகுந்து டிஷ்ஷை ஆட்டும், நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். என் மச்சினன் வந்தான். யாரும் திசையைச் சந்தேகிக்கவில்லை. கடைசியில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரையே கூட்டிவந்தேன். அவர் மூச்சு வாங்க ஏறி வந்து, டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“கிப்லா சரியாத்தான் இரிக்கி” என்றார். “ஒரு மயிரிழை வடக்கால தள்ளுங்க.”

தள்ளினேன். கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, “இப்ப வரும், இப்ப வரும்” என்றார்கள். எங்கே வரும்?

ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக்கு இறங்கும்போது கதவடியில் நின்று எட்டிப் பார்ப்பேன். கன்னம் ஒட்டியிருக்கும். தோல் மஞ்சள் பூசியது போல இருக்கும். “வந்துட்டா?” என்று கேட்பாள். “இந்தா வருது, எண்பது வந்துட்டு” என்று சொல்லிவிட்டு, நின்று கதைக்காமல் திரும்ப ஏறிவிடுவேன். யா அல்லாஹ், எனக்கு எதையும் தராதே, இந்த ஒரு கோட்டை மட்டும் ஏற்றிவிடு என்று மேலே நின்று கெஞ்சினேன். ஆறாம் நாள் ஸ்பேனரைத் தூக்கிப் பின்வளவுக்குள் எறிந்தேன். டிஷ்ஷைக் காலால் உதைத்தேன். டிஷ்ஷுக்கு ஒன்றுமில்லை, என் பெருவிரல் நகம்தான் போனது.

அன்றைக்கு மகள் என் சட்டையைத் தோய்க்கப் போட எடுத்தபோது பைக்குள் இருந்த துண்டைக் கண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லாமல் கோல் எடுத்துவிட்டாள். மற்ற நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நான் வீட்டுக்கு வர, வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள். நாற்பது வயசிருக்கும், காலில் வயல் சேறு காய்ந்தபடி ஒரு மனிதர்.

“நானா, கட்டைபறிச்சானிலயிருந்து வந்தனான். மகள் எல்லாம் சொன்னவ” என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல ‘நானா’ போட்டுச் சொன்னார். நேரே என்னோடு மேலே ஏறினார். டிஷ்ஷைச் சுற்றி வந்தார்.

“இது எங்க பாக்குது நானா?”

“மக்காவ.”

“ஏன் மக்காவப் பாக்குது?”

“மக்காப் படம் மக்காவிலயிருந்துதானே தம்பி வரும்? யாழ்ப்பாணத்திலயிருந்தா வரும்?”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கு ஒரு அசம்பாவிதம் நடந்திருக்கும். சிலாப்பில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னார்: “அங்க எடுக்கிற படத்த வானத்தில நிக்கிற ஒரு பெட்டிக்கு அனுப்புறாங்கள். அந்தப் பெட்டிதான் எங்களுக்குத் தருது. டிஷ் பாக்கவேண்டியது பெட்டிய, மக்காவ இல்ல. எங்கட பக்கத்துக்கு அந்தச் சேனலத் தாற பெட்டி நிக்கிறது, அந்தா...”

அவர் கைகாட்டிய இடம் மூதூர்ப் பக்கம். குடாவைத் தாண்டி, மூதூரைத் தாண்டி, வெறுங்கடலுக்கு மேலே, கிட்டத்தட்ட உச்சியில். என் தொழுகைப் பாய்க்கு அப்படியே எதிர்ப்பக்கம்.

“மக்காவுக்கு முதுகக் காட்டச் சொல்லுறீங்களா?” என்று கத்தினேன்.

“டிஷ்தான் நானா காட்டப்போகுது. நீங்க காட்டத் தேவையில்ல” என்றார் அவர்.

ஆறு நாள்! சின்ன டிஷ்ஷுக்குப் போனதை விடுங்கள், இந்த ஆறு நாள் அவளுடைய நாள். துண்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அந்தச் சிலாப்பிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி நானா, பிடியுங்கோ” என்றார்.

முதலில் குழாய்க்கு நூல் குண்டு பிடித்துச் செங்குத்தாக்கினார். பிறகு டிஷ்ஷை நான் கட்டிப்பிடித்து முழுதாகத் திருப்பி, வானத்தைப் பார்க்க நிமிர்த்தினேன். அவர் ஒரு சின்ன மீட்டரை வயரில் கொழுவிக்கொண்டு தள்ளி நின்று கையால் காட்டினார். மேலே, மேலே, நில். வலது, இன்னும், நில். கைச்சைகைக்கு வேலை செய்வது எனக்குப் பழக்கம்தான், மற்றதெல்லாம் மறந்துபோய் என் கை தானாக அசைந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “வாப்பா! வந்துட்டு!” என்று கீழேயிருந்து மகள் கத்தினாள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அங்கே இன்னும் முற்பகல்தான், வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை போர்த்திய கஃபா டீவி நிறைய நின்றது. சனம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டு போனார். அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள்.

“இது இப்பயா?” என்று கேட்டாள்.

கதவடியில் நின்ற அந்த மனிதர்தான் சொன்னார்: “இப்பதான் அக்கா. அங்க நடக்கிறது ஒரு மூச்சு நேரத்தில இஞ்ச வருது.”

எங்களை நம்பாதவள் அவரை நம்பினாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது, கண்ணீர் காதுக்குள் ஓடியது. பிறகு டிஷ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு நோவாகச் சிரித்தாள். “மோதினாரையும் ஏத்தினீங்களா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். “தம்பிக்குத் தேத்தண்ணி குடுங்க” என்றாள்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனுசன் நிறுத்துவானா? கீழ்க் கோடு ஐம்பத்தெட்டில் நின்றது. எழுபது வரைக்கும் ஏற்றலாம் என்று எனக்கு இப்போது தெரியும். காற்றுக்கு அசையாமல் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் மூக்கை ஒரு நூல் திருப்பிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமையும் மேலே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மேலே இருந்தேன். “இப்ப எப்பிடி? இப்ப?” என்று மேலேயிருந்து மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அறுபத்துமூன்று வந்தது.

அன்று பின்னேரம் ஸ்பேனர் தேடி அறைக்குள் வந்தேன். திரையில் கஃபா ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கிழமைக்கு மேலா உங்கட காலடிச் சத்தம்தான் எனக்குக் கேக்குது” என்றாள். “தலைக்கு மேல நடக்கிறீங்க. மூஞ்சியக் காணல்ல.”

“உனக்காகத்தானே புள்ள ஏறினன்.”

“ஓம், எனக்காகத்தான். எனக்குத் தெரியும்.” மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். “என்னப் பாக்கப் பயத்திலயும்தான் ஏறினீங்க. அதுவும் எனக்குத் தெரியும்.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. வெயிலில் கருகி, நகம் பெயர்ந்து, மூன்று ஊர் அலைந்து திரிந்தவனிடம் சொல்கிற கதையா இது? ஆனால் அவள் சொன்னது முழுக்க உண்மை. அந்த மஞ்சள் முகத்தை, ஒட்டிய கன்னத்தை அத்தனை நாளும் நான் நேராகப் பார்க்கவே இல்லை. கடைக்காரருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை, அவளுக்குப் பக்கத்தில் இருக்கவும் தைரியம் வரவில்லை. மேலே ஒரு கோட்டைத் தேடுவது லேசாக இருந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். கைக்குள் எலும்பு மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கச்சான் பேய்க்காற்றாக அடித்தது. மேலே ஏதோ கிரீச்சிட்டது. திரையில் கஃபா சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, பிறகு நீலமாகிவிட்டது. என் கால் தானாக எழும்பியது.

“எங்க போறீங்க?” என்றாள்.

“காத்துக்குத் திரும்பிட்டு. ரெண்டு நிமிஷம், சரியாக்கிட்டு வாறன்.”

“நான் கண்டுட்டன். போதும்.” கையை விடவில்லை. “இரிங்க.”

இருந்தேன். முதல் தடவையாக அவளிடம், “நீ போனா நான் என்ன செய்வன்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு, என்னை மகளோடு இருக்கச் சொன்னாள், கோபத்தைக் குறைக்கச் சொன்னாள், சுருட்டு வேண்டாம் என்றாள். கலியாணமான புதிதில் நான் கிரேனிலிருந்து இறங்கி வரும் வரைக்கும் துறைமுக வாசலில் சோற்றுப் பார்சலோடு நின்றதைச் சொன்னாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

அவள் மவுத்தானது வியாழக்கிழமை, நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முதல். அது வரைக்கும் நான் கூரைக்கு ஏறவில்லை. டீவியும் நீலமாகவே கிடந்தது. ஜனாஸாவுக்கு வந்த சனமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஆசைப்பட்டபடி மக்காவைக் கண்டாளா என்று. கண்டாள் என்றேன். இரண்டு நாள் கண்டாள். நான் அவளைக் கண்டது நாலு நாள்.